நான் பூசிய சுவர்

போட்டோவில் குறையை மறைக்க என் கை டச்சிங் செய்த இடத்தைக் கண்டுபிடித்தவர் இந்த வளைகுடாவில் யாரும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ரியாத்தில் பத்தா கடைத்தெருவில் ஒரு மலையாளியின் ஸ்டூடியோவில் ட்ரே கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தேன். இக்காமா என்கிற குடியிருப்பு அட்டைக்குப் போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ, ஊருக்கு அனுப்புகிற கோட்டு சூட்டு போட்டோ என்று நாள் முழுக்கக் கூட்டம். மூன்று வருடம் போவதற்குள் முதலாளியே நெகட்டிவை என்னிடம் கொண்டுவந்து, "இது நீயே நோக்கிக்கோ" என்று கொடுத்துவிட்டுப் போகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

அம்மைத் தழும்பு, பரு, சைட் வெயிலில் உரிந்த மூக்கு, எதுவானாலும் நெகட்டிவிலேயே ஒற்றை மயிர் பிரஷால் எடுத்துவிடுவேன். ஓர் அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்து வந்தவன், என் போட்டோவில் புது மாப்பிள்ளையாகத்தான் ஊருக்குப் போவான். அப்புறம் தம்மாம், அப்புறம் ஷார்ஜா. இங்கே ரோலா பக்கம் என் பெயரிலேயே கடை. கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுகிற என்லார்ஜரைத் தூக்கிப் போட்டார்கள், நான் போடவில்லை. பிலிம் செத்துப்போச்சு என்று அன்றைக்குச் சிரித்தவர்களின் பிள்ளைகள் இப்போது பிலிம் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் கடையில் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த வரிசையில்தான் அந்த அம்மாவும் வந்து நின்றார்.

வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். ஒரு கிளினிக்கில் நர்ஸ். உடுப்பை மாற்றாமலே டூட்டி முடித்து நேராக வந்திருந்தார். பையைத் திறந்து சோற்று டப்பா ஒன்றை எடுத்தார். அதற்குள் துணி சுற்றி ஆறு ரோல் பிலிம். பெட்டி கேமராவில் போடுகிற அகலப் பிலிம், ரோலுக்குப் பன்னிரண்டு படம். இடுப்பளவில் பிடித்து மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்களே, அந்தக் கேமரா.

"உஸ்தாத், இதுக்கு ரெண்டாவது காப்பி கிடையாது" என்றார்.

எங்களுக்குள் ஓடியது கடைத்தெரு அரபி. என் அரபியில் நேற்றும் கிடையாது, நாளையும் கிடையாது, எல்லாமே இப்போதுதான். ஆனாலும் வேலை நடக்கும். பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"எந்த ஊர் படம், உக்தி?" என்று கேட்டேன். அரபியில் உக்தி என்றால் சகோதரி, உஸ்தாத் என்றால் மாஸ்டர்.

"என் ஊர். நான் குர்து. சிரியாவோட வடக்குல, எல்லைக்குப் பக்கத்துல."

அவர்கள் சனம் நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறதாம். தனக்கென்று ஒரு நாடு கிடையாது, சண்டை மட்டும் நான்கு பக்கமும் உண்டு. வருடாவருடம் லீவில் போகும்போது இந்த அம்மா அங்கே படம் எடுக்கிறார். செய்திக்காரர் இல்லை, யாரும் அனுப்பவும் இல்லை. எல்லாரும் செல்போனில் எடுக்கிற காலத்தில் ஏன் பிலிம் என்று கேட்டேன்.

"வழியில செக்போஸ்ட் உஸ்தாத். போனைப் பிடுங்கி ஒவ்வொண்ணா தள்ளிப் பார்ப்பாங்க. கார்டை அழிச்சுட்டுத்தான் விடுவாங்க. பிலிமைக் கையில வச்சு என்னத்தப் பார்க்க முடியும்? இந்தப் பெட்டியைப் பார்த்தா பொம்மைன்னு சிரிக்கிறாங்க."

"ரோலை உருவி வெளிச்சத்துல காட்டினா?"

"அதுக்குத்தான் சோத்து டப்பா."

இந்தப் பிழைக்கத் தெரிந்த புத்தி எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நானும் அப்படி வந்தவன்தானே.

ஷார்ஜாவிலேயே ஒரு கலைக்கூடத்தில் அவருக்குக் கண்காட்சி கொடுத்திருந்தார்கள். முதல் கண்காட்சி. சுவரில் மாட்டுவதற்கு இருபத்து நான்கு பெரிய பிரிண்ட் வேண்டும். "எங்க ஊர்ல வீடுகள் மேல ஒரு குண்டுகூட விழலைன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. சும்மா இல்ல, பெரிய பெரிய ஆளுங்க. அவங்களுக்கு நான் வாயால பதில் சொல்லி ஜெயிக்க முடியாது. இந்தப் படம் சொல்லணும்" என்றார்.

"என்கிட்ட வந்துட்டீங்கல்ல, கலாஸ், முடிஞ்சது. கவலையை வாசல்ல விட்டுட்டுப் போங்க" என்றேன். எல்லாரிடமும் சொல்வதுதான். அன்றைக்குக் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

பிலிம் கழுவுவதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். பிலிமை இருட்டில் ரீலில் சுற்றி டேங்க்கில் அடைத்து மூடிவிட்டால், அப்புறம் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். மேல் துளை வழியாக மருந்தை ஊற்ற வேண்டும். ஊற்றியவுடன் டேங்க்கை மேசையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். பிலிமில் ஒட்டிக்கொண்டிருக்கிற காற்றுக் குமிழிகள் அப்போதுதான் விடுபடும். விடுபடாத குமிழிக்கு அடியில் மருந்து ஏறாது. பிரிண்ட் போட்டால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு கறுப்பு வட்டம் விழும். எல்.கே.ஜி. பாடம் இது. நான் தூக்கத்தில்கூடத் தட்டுவேன்.

மூன்று டேங்க், டேங்க்குக்கு இரண்டு ரோல். விளக்கைப் போட்டபின் அந்த அம்மாவும் உள்ளே வந்து நின்றுகொண்டார். தன் பிலிமை விட்டு நகர அவருக்கு மனசில்லை. முதல் டேங்க்கையும் மூன்றாவது டேங்க்கையும் தட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடு டேங்க்கில் மருந்தை ஊற்றும்போதுதான் அவர் தன் அக்காவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வானத்தில் ஆளில்லாத விமானம் வண்டு மாதிரி ஓயாமல் ரீங்கரிக்குமாம். அந்தச் சத்தம் நின்றால்தான் பயமாம், சத்தம் இருக்கிறவரைக்கும் அக்கா முற்றத்து அடுப்பில் ரொட்டி சுடுவாளாம்.

"சத்தம் நின்னா?"

"மாவை மூடி வச்சுட்டு உள்ளே போயிடுவா. மாவைத்தான் முதல்ல மூடுவா. பிள்ளைங்களை அப்புறம்தான் கூப்பிடுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். டேங்க்கைத் தலைகீழாகத் திருப்பித் திருப்பி ஆட்டிக்கொண்டே சிரித்தேன். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. தட்டினேனா? தட்டியிருப்பேன். இத்தனை வருடக் கை தட்டாமல் இருக்குமா? இருந்தாலும் அந்த இரண்டு தட்டுச் சத்தம் காதில் இல்லை. அந்த அம்மா பக்கத்திலேயே நிற்கிறார். இப்போது தட்டினால், ஏன் இப்போது தட்டுகிறீர்கள் என்று கேட்பார். நான் தட்டவில்லை.

நெகட்டிவ் காய்ந்ததும் ரோலுக்கு ஒரு தாளாக, எல்லாப் படமும் சின்னச் சதுரமாகத் தெரியும்படி காண்டாக்ட் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அதைத் தன் போனில் படம் பிடித்துக் கலைக்கூடத்துக்கு அனுப்பினார். எந்த இருபத்து நான்கு என்பதை அவரும் அங்கிருக்கிற பொறுப்பாளரும் சேர்ந்து முடிவு செய்தார்கள்.

சண்டைப் படம் என்றால் டாங்கியும் துப்பாக்கியும் புகையுமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒன்றுகூட இல்லை. தெருவில் அண்டா வைத்துக் கோதுமை அவிக்கிறார்கள், பிள்ளைகள் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். கண்ணாடி போய் பிளாஸ்டிக் தாள் ஒட்டின ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒருவருக்குச் சவரம் நடக்கிறது. மொட்டை மாடியில் தக்காளிச் சாறு தட்டு தட்டாகக் காய்கிறது. ஒரு கல்யாணம், ஆணும் பெண்ணும் சுண்டுவிரல் கோத்து வரிசையாக ஆடுகிறார்கள். அந்த வரிசையில் மூன்று பேர் மட்டும் வானத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் படத்தை என்லார்ஜரில் ஏற்றியபோது நானே அண்ணாந்து பார்த்துவிட்டேன்.

பதினெட்டாவதாக ஏற்றியது அக்காவின் படம். மண் அடுப்பு. அடுப்பு வாய்க்கு மேல் குனிந்து, ரொட்டியைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு பருத்த பெண். பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். சோதனைக்கு ஒரு பிரிண்ட் போட்டு ட்ரேயில் மருந்துக்குள் விட்டேன். சிவப்பு விளக்கில் படம் மெல்ல மேலே வந்தது. முதலில் தலைத்துணி, அப்புறம் கை, அப்புறம் அடுப்பு.

அப்புறம் சுவரில் புள்ளிகள். கறுப்பாக, வட்டமாக, ஒன்று ஒன்றாக எழுந்து வந்தன.

நடு டேங்க் ரோல்தான் அது. தட்டவில்லை. ஆறு ரோலைக் கொண்டுவந்து, ரெண்டாவது காப்பி கிடையாது என்று சொன்ன பெண்ணின் அக்கா படத்தில் நான் குமிழி விட்டிருக்கிறேன். ட்ரே கழுவ வந்த முதல் மாதத்தில்கூட நான் இந்தத் தப்பைச் செய்ததில்லை. மற்றப் படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த அம்மாவுக்குப் போன் போட்டு, "சுவரில் புள்ளி இருக்கிறதே, என்ன அது?" என்று கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். எப்படிக் கேட்பது? கேட்டால் என் தப்பை நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகுமே.

இரண்டு பகல் ஆயிற்று எனக்கு. நெகட்டிவை விளக்குப் பலகையில் வைத்து, கண்ணில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பளபளப்பான பின்பக்கத்தில் சிவப்பு மையால் ஒவ்வொரு புள்ளியாக அடைத்தேன். அந்த மை தண்ணீரில் கரையும். தலைத்துணியின் ஓரத்தை ஒட்டி மூன்று புள்ளிகள். அங்கே மை துணியில் ஏறிவிடும் என்று, முன்பக்கத்தில் சாயத்தைத் தொட்டு வைத்தேன். சாயம் வேறு ஜாதி, பிலிமின் ஊனுக்குள்ளேயே இறங்கிவிடும். பிரிண்ட் போட்டு அதிலும் பிரஷால் ஒட்டுத் தெரியாமல் சாம்பல் பூசினேன். முடித்து எட்ட வைத்துப் பார்த்தபோது சுவர் நேற்று வெள்ளையடித்தது மாதிரி நின்றது. என் வாழ்நாளில் செய்த டச்சிங்குகளில் அதற்குத்தான் முதல் இடம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க டூட்டி. நானே பிரிண்டுகளைக் கலைக்கூடத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

திறப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது காலையில் மகள் என்னைக் கூப்பிட்டாள். கடையில் கம்ப்யூட்டர், இமெயில் எல்லாம் அவள் பொறுப்பு. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் பாதி இங்கிலீஷ் ஆகிவிடும்.

"அப்பா, கேலரில இருந்து மெயில் வந்திருக்கு. அந்தப் பதினெட்டாம் நம்பர் போட்டோ, அதுல ஏதாவது எடிட் பண்ணீங்களா?"

"ஏன், என்னவாம்?"

"கேப்ஷன் மேட்ச் ஆகலையாம்."

"அது என்ன எழுதியிருக்கு?"

அவள் திரையைப் பார்த்து நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். "'என் அக்கா. அவள் ரொட்டி சுடும் சுவரில் இருபத்திரண்டு துப்பாக்கித் துளைகள்.' அப்பா, பிரிண்ட்ல ஒரு ஹோல்கூட இல்லையாம். காண்டாக்ட் ஷீட்ல இருக்காம்."

நான் நின்றபடியே கல்லாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"குமிழின்னு நெனச்சேன் ஆத்தா."

"என்ன குமிழி?"

சொன்னேன். அவள் காண்டாக்ட் பிரிண்டை எடுத்து, என் உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் மேல் வைத்துக் குனிந்தாள். நிமிரும்போது அவள் முகமே சரியில்லை.

"அப்பா, குமிழி சுவர்ல மட்டும்தான் வந்து உக்காருமா? அவங்க முகத்துல ஒண்ணு இல்ல, கையில ஒண்ணு இல்ல, அடுப்புல ஒண்ணு இல்ல. அதே ரோல்ல மீதிப் பதினோரு படம் கிளீனா இருக்கு. நீங்க பார்க்கவே இல்லையா?"

பார்க்கவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று பயந்தவனுக்கு அந்தத் தப்பு மட்டும்தான் தெரிகிறது. அன்றைக்கு நான் டேங்க்கைத் தட்டித்தான் இருக்கிறேன்.

"கீழ இன்னும் எழுதியிருக்காங்க" என்றாள். "ஒரு படத்துல கை வச்சிருந்தா மத்ததையும் நம்ப முடியாதாம். எல்லாத்தையும் ஹோல்டுல வச்சிருக்காங்க. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள விளக்கம் வரலைன்னா ஷோ கேன்சல். அவங்களுக்கும் அனுப்பிட்டாங்கப்பா."

பத்து மணிக்கு அந்த அம்மா கடைக்குள் வந்தார். பாதி டூட்டியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறார், கழுத்தில் கிளினிக் அட்டை அப்படியே தொங்கியது. கையில் போன், அதில் கலைக்கூடத்தில் யாரோ பிடித்து அனுப்பிய என் பிரிண்ட்.

"உஸ்தாத், இது யார் செஞ்சது? அங்க யாராவது மாத்திட்டாங்களா?"

அந்த ஒரு வினாடியை நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. என் வேலை என்று யார் கண்டுபிடிக்க முடியும்? கலைக்கூடத்தின் தலையில் போட்டுவிடலாம். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்" என்றேன்.

"ஏன்?"

"என் தப்புன்னு நெனச்சேன். கழுவும்போது விழுந்த புள்ளின்னு. மறைச்சுட்டேன்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து, மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார்.

"எங்க ஊரைச் சுட்டவன்கூட அந்தச் சுவர்ல ஓட்டையைத்தான் வச்சுட்டுப் போனான். அதையும் அழிக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்னு அந்தப் பெரிய ஆளுங்க இத்தனை நாளா தேடிட்டிருந்தாங்க. நீ இலவசமா செஞ்சு குடுத்திருக்கே. இனிமே நான் எந்தப் படத்தைக் காட்டினாலும், இவ ஷார்ஜாவுல ஆள் வச்சுப் படத்தை மாத்துறவன்னுதான் சொல்லுவாங்க. ஆறு வருஷம் உஸ்தாத். சோத்து டப்பாவுல கொண்டு வந்தது."

இதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'நீ' என்று சொன்னதையும் நான் கவனித்தேன். அரபியில் அந்த வித்தியாசம் கிடையாது, குரலில் இருந்தது.

"வாங்க, போவோம். நான் சொல்றேன் அவங்ககிட்ட" என்றேன்.

"நீ சொன்னா நம்புவாங்களா?"

"நெகட்டிவைக் கொண்டு போறேன்."

"நெகட்டிவ்லயும் கை வச்சிருக்கியா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

கலைக்கூடத்தின் பொறுப்பாளர் ஓர் அரபு மேடம், ஐம்பது வயதுக்காரர், கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இருபத்து நான்கு பிரிண்டும் தரையில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன, தண்டனை கொடுத்த பிள்ளைகள் மாதிரி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் அரபி போதாத இடத்தில் மகள் இங்கிலீஷில் சேர்த்துக்கொண்டாள்.

மேடம் பதினெட்டாம் படத்தைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எந்த இடத்துல கை வச்சீங்கன்னு எனக்குத் தெரியவே இல்ல."

"தெரியாது மேடம். வளைகுடாவுல யாருக்கும் தெரியாது" என்றேன். வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அதுதான் எனக்குக் கஷ்டம்" என்றார். "இதுல தெரியலைன்னா மத்த இருபத்து மூணுல நீங்க என்ன செஞ்சீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? இவங்க கேட்டுத்தான் நீங்க செய்யலைன்னு எப்படித் தெரியும்?"

மகள் எனக்காக வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மேடம், என் கடைக்கு வாங்க. உங்க பூதக்கண்ணாடியையே கொண்டு வாங்க. இருபத்து நாலு நெகட்டிவையும் ஒவ்வொண்ணா பலகையில வைக்கிறேன். பூசின மை நெகட்டிவ்ல ஒளியாது, சாய்ச்சுப் பார்த்தா பளபளப்புக் காட்டிக் குடுத்துடும். பதினெட்டாவதை உங்க கண்ணு முன்னால கழுவுறேன். மை போச்சுன்னா ஓட்டை வரும். பிரிண்ட் உங்க முன்னாலயே போடுறேன். அதுக்கப்புறம் நீங்க சொல்றதுதான்."

மத்தியானம் வந்தார். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டோம். இரண்டு மணி நேரம் மேடம் விளக்குப் பலகை மேல் குனிந்தே இருந்தார். ஒவ்வொரு நெகட்டிவையும் சாய்த்தார், திருப்பினார், காண்டாக்ட் பிரிண்டோடு ஒப்பிட்டார். கல்யாணப் படத்தில் ரொம்ப நேரம் நின்றார். நான் ஒன்றும் செய்யாத படம்தான், ஆனாலும் நானும் கூடவே குனிந்து பார்த்தேன். அந்த அம்மா சுவரோரம் நின்று தன் கிளினிக் அட்டையின் நூலை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்றும் முடிந்தபோது மேடம் ஒரு சொல்தான் சொன்னார்: "சுத்தம்."

அப்புறம் பதினெட்டு.

ஈரம் பட்டால் பிலிமின் மேல்பூச்சு பாகு மாதிரி இளகிவிடும். நகம் பட்டால் போதும், அக்காவின் முகம் உரிந்து வந்துவிடும். தண்ணீரின் சூட்டை நான்கு முறை சரிபார்த்தேன். நெகட்டிவை ஓரத்தில் பிடித்து உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிவப்பு ஒரு நூலாகத் தண்ணீரில் இறங்கியது. பஞ்சால் பின்பக்கத்தை மட்டும் ஒற்றினேன். இன்னொரு நூல். இன்னொன்று. தண்ணீர் வெளிறிய ரோஜா நிறமாயிற்று. என் கை நடுங்கவில்லை. இதைக் கட்டாயம் எழுத வேண்டும், அன்றைக்கு எனக்குக் கை நடுங்கவில்லை.

காய வைத்து, சிவப்பு விளக்கில் நாலு பேரும் நெருங்கி நிற்க, தாளை ட்ரேயில் விட்டேன். தலைத்துணி, கை, அடுப்பு. சுவர் வெள்ளையாகவே இருந்தது. அந்த அம்மா மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. பிறகு ஒன்று வந்தது. அப்புறம் ஐந்தாறு சேர்ந்து வந்தன. அவர் தன் மொழியில் எண்ண ஆரம்பித்தார், மெல்ல, உதடு மட்டும் அசைய. பத்தொன்பதில் நின்றுவிட்டது.

மறுபடி எண்ணினார். பத்தொன்பதுதான்.

"தலைத்துணி ஓரத்துல மூணு" என்றேன். "அது சாயம். உள்ள இறங்கிடுச்சு. எடுத்தா பிலிம் போயிடும்."

விளக்கைப் போட்டேன். மேடம் பிரிண்டை வெகுநேரம் பார்த்துவிட்டு அந்த அம்மாவிடம் சொன்னார்: "இது போதும்மா எனக்கு. நடந்தது தெரிஞ்சுடுச்சு. கண்காட்சி நடக்கும். இந்தப் படத்தையும் மாட்டலாம். நடந்ததைக் கீழ ஒரு வரி எழுதிடுவோம்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "வேண்டாம்."

"பத்தொன்பது துளைன்னு எழுதுவோம்."

"இருபத்திரண்டு இருக்கு. பத்தொன்பதுன்னு எழுத மாட்டேன். இருபத்திரண்டுன்னு எழுதிட்டுப் பத்தொன்பதைக் காட்டவும் மாட்டேன். எங்க ஊர்க்காரங்க வந்து எண்ணுவாங்க மேடம். எங்களுக்கு எதிரானவங்களும் வந்து எண்ணுவாங்க. இருபத்து மூணு படம் போதும்."

ஈரப் பிரிண்டை எடுத்து மேசை மேல் கவிழ்த்து வைத்தார். ஆறு வருடப் படங்களில் அவர் முதலில் மாட்ட நினைத்தது அதுதான் என்று பிறகு மேடம் என் மகளிடம் சொன்னாராம்.

மேடம் போனபிறகும் அந்த அம்மா போகவில்லை. படம் சுவரில் தொங்கும் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். தெருவுக்கே சொல்லி வைத்திருக்கிறாள் அக்கா. இப்போது இல்லை என்று சொல்ல வேண்டும். அதை என் கடையில் உட்கார்ந்தே சொல்லிவிட முடிவு செய்தார், ஒருவேளை எனக்கும் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ. இரண்டு முறை அடித்தும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை போன் திரையில் அந்த முகம் வந்தது. படத்தில் பார்த்த அதே பருத்த முகம், நெற்றியில் மாவு. பின்னால் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம். அது எங்கள் ஏ.சி. இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

தங்கை பேசப் பேச அந்த முகத்தில் சிரிப்பு நின்றது. நானும் தலையைக் குனிந்துகொண்டேன். குர்து மொழி எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் ஒருவனைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அக்கா ஏதோ கேட்டாள். தங்கை போனை என் பக்கம் திருப்பினார்.

"உன்னைப் பார்க்கணுமாம்."

நான் நெஞ்சில் கை வைத்தேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சடசடவென்று நீளமாக ஏதோ சொன்னாள். பின்னாலிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. தங்கை சிரிக்கவில்லை, ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"என்ன சொல்றாங்க?"

"படத்துல ரொட்டி நல்லா விழுந்திருக்கான்னு கேக்குறா."

"நல்லா விழுந்திருக்குன்னு சொல்லுங்க."

"இன்னொண்ணு சொன்னா. படத்துல பூசுற ஆளு நேர்ல வரட்டுமாம். சுவத்தை நிஜமாவே பூசிக் குடுக்கட்டுமாம். ரெண்டு ஓட்டையை மட்டும் விட்டுடணுமாம். அதுல கட்டை அடிச்சு ரொட்டித் துணி மாட்டியிருக்காளாம்."

அப்போது அந்த ரீங்காரம் நின்றது. திரையில் அவள் தலை சட்டென்று மேலே திரும்பியது. கை பக்கவாட்டில் போய் எதையோ இழுத்து மூடியது. தங்கை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். படம் அசையாமல் நின்றுவிட்டது, பிறகு கறுத்தது.

நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். கடைக்கு வெளியே ஒருவன் குனிந்து, "பாய், பாஸ்போர்ட் போட்டோ?" என்று ஷட்டருக்கு அடியில் குரல் கொடுத்தான். மகள் மற்றக் கையை அசைத்துக் காட்டினாள். போய்விட்டான்.

இருபது நிமிடம் இருக்கும். போன் ஒரு சத்தம் போட்டது. ஒரு வரி. அந்த அம்மா படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கரண்ட் போச்சாம். எல்லாரும் உள்ள இருக்காங்களாம். மாவு நல்லா இருக்காம்."

"நான் வர்றேன்னு சொல்லுங்க, உக்தி" என்றேன். "சுவரைப் பூசுறதுக்கு. ரெண்டு ஓட்டையை விட்டுடறேன்னு சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். போனில் ஏதோ எழுதினார். அது நான் சொன்னது இல்லை என்று எனக்குத் தெரிந்தது, அவ்வளவு சின்னதாக இருந்தது அது. பிறகு நெகட்டிவ் உறைகள் ஆறையும் கேட்டு வாங்கி, பதினெட்டாவதை விளக்கில் ஒருமுறை பிடித்துப் பார்த்து, எல்லாவற்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போனார். மறுநாள் காலையில் அவருக்கு டூட்டி.